மஃப்டி கார் பார்க்கட்டும், துரத்த வேண்டாம்

கலிஃபோர்னியாவில் ஒரு போக்குவரத்துக் காவலர் மஃப்டியில், அடையாளம் ஏதுமில்லாத காரில் உட்கார்ந்துகொண்டு வேகமாகப் போகிறவர்களைப் பிடித்தால் வழக்கு நிற்காது. அவர் கண்ணால் பார்த்தது அத்தனையும் உண்மையாக இருக்கலாம். ஆனாலும் கூண்டில் ஏறி அதைச் சொல்ல அவருக்குத் தகுதியில்லை என்கிறது அந்த மாநிலத்தின் வாகனச் சட்டம். போக்குவரத்து விதிகளை அமல்படுத்துவதையே முதன்மைப் பணியாகக் கொண்டு ரோந்து போகிறவர் முழுச் சீருடையில் இருக்க வேண்டும். அவர் ஓட்டும் வண்டி போலீஸ் வண்டிக்கென்று வகுத்த தனி நிறத்தில் இருக்க வேண்டும். இதைச் சொல்வது 40800-ஆம் பிரிவு. அதை மீறிய காவலரின் சாட்சியம் செல்லாது என்று அடுத்தடுத்த பிரிவுகள் அடித்துச் சொல்கின்றன.

கார் இல்லாமல் அன்றாட வாழ்க்கையே நகராத ஒரு மாநிலம் தன் போலீசின் கையை ஏன் இப்படிக் கட்டிப்போட்டது? வேர் 1920-களில் இருக்கிறது. கார்கள் பெருகத் தொடங்கிய காலம் அது. நெடுஞ்சாலையோரச் சிற்றூர்களின் காவலர்கள் புதர் மறைவில் ஸ்டாப்வாட்சோடு காத்திருப்பார்கள். சாலையில் முன்கூட்டியே அளந்து குறித்துவைத்த தூரத்தை ஒரு கார் எத்தனை நொடியில் கடக்கிறது என்று பார்த்து, கணக்குப் போட்டு, மறித்து அபராதம் போடுவார்கள். அந்தப் பணம் ஊர்க் கஜானாவுக்குப் போனது. விபத்தைத் தடுப்பதைவிட வசூலே பெரிதாகிவிட்டது என்று வாகன ஓட்டிகள் கொதித்தார்கள். 'வேகப் பொறி' என்று பெயர் வாங்கிய இந்த முறையைச் சட்டமன்றம் தடை செய்தது. போக்குவரத்துக் காவலர் கண்ணில் படும்படி நிற்க வேண்டும், அவரைப் பார்த்ததுமே கால் பிரேக்குக்குப் போக வேண்டும், அதற்காகத்தான் அவருக்குச் சம்பளம் என்ற எண்ணம் இந்தச் சட்டங்களின் அடியில் ஓடுகிறது. 1929-இல் உருவான கலிஃபோர்னியா நெடுஞ்சாலை ரோந்துப் படையின் கறுப்பு-வெள்ளைக் கார்கள் அந்த எண்ணத்தைத்தான் இன்றும் சாலையில் ஓட்டிக்காட்டுகின்றன.

ஆனால் அதே 40800-ஆம் பிரிவுக்குள் ஒரு விலக்கு இருக்கிறது. கார் திருட்டு, விபத்து நடத்திவிட்டு நிற்காமல் ஓடுவது, பெருங்குற்றங்கள் ஆகியவற்றுக்கு ஆதாரம் திரட்டவென்றே அமர்த்தப்பட்ட காவலருக்குச் சீருடையும் தனி நிறமும் கட்டாயமில்லை. அந்தப் பட்டியலில் 23109 என்ற எண்ணும் இருக்கிறது. தெருவில் ரேஸ் ஓட்டுவதைக் குற்றமாக்கும் பிரிவு அது. அதிவேகத்துக்காக மஃப்டி காரில் ஒளியக் கூடாது, ரேஸை விசாரிக்க ஒளியலாம். அந்த விலக்கோடு ஒரு நிபந்தனையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: விதிகளை அமல்படுத்தவென்று நெடுஞ்சாலையில் ரோந்து போகும் வேலையை அந்தக் காவலர் கையில் எடுக்கக் கூடாது.

தெரு ரேஸையும் மஃப்டி கார்களையும் பற்றிய விவாதம் ஒவ்வொரு பெரிய விபத்துக்குப் பிறகும் சூடுபிடிக்கிறது. இன்னும் வேகமான கார் வாங்கு, இன்னும் மறைவாக நிறுத்து என்று ஒரு தரப்பு. இது ஆளைப் பிடிக்க வைக்கும் பொறி என்று இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் பொருட்படுத்தாத விஷயம் அந்தப் பழைய சட்டத்துக்குள் இருக்கிறது. பார்ப்பது வேறு வேலை, துரத்துவது வேறு வேலை. மஃப்டி கார் முதல் வேலைக்கு மிகவும் பொருத்தமானது. இரண்டாவதற்கு அது ஆபத்தானது என்பதே என் முடிவு. அதற்கான காரணங்களைச் சொல்லும் முன் ரேஸ் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

லாஸ் ஏஞ்சலஸ் சுற்றுவட்டாரத்தில் ரேஸ் என்ற பெயரில் இரண்டு விதமான கூத்துகள் நடக்கின்றன. ஒன்று பழைய டிராக் ரேஸ். கிடங்குகளும் தொழிற்கூடங்களும் நிறைந்த பகுதியில், இரவில் ஆள் நடமாட்டம் அற்றுப்போன நேரான சாலை. இரண்டு கார்கள் அக்கம்பக்கமாக நிற்கும். நடுவில் ஒருவர் நின்று கையை இறக்குவார், அல்லது டார்ச்சை அடிப்பார். கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர். இடம் போதாவிட்டால் அதில் பாதி. இரண்டாவது 'டேக்ஓவர்'. ஒரு நாற்சந்தியைக் கூட்டம் நான்கு பக்கமும் அடைத்துக்கொள்ள, நடுவில் கார்கள் டயர் தேயச் சுழலும். 2022 ஜூலையில் 58 கோடி டாலருக்கு மேல் செலவில் கட்டித் திறந்த ஆறாம் தெருப் பாலம் சில நாட்களிலேயே இந்தக் கூத்துக்கு இடமாகி, போலீஸ் அதைத் திரும்பத் திரும்ப மூட வேண்டியதாயிற்று. எந்த இடம் என்பது கடைசி நேரத்தில்தான் செல்பேசியில் வரும். ஓர் இடத்தில் போலீஸ் தலை தெரிந்தால் அடுத்த இடம் தயாராக இருக்கும்.

23109-ஆம் பிரிவு பார்வைக்குக் கடுமையானது. இன்னொரு காரோடு மட்டுமல்ல, கடிகாரத்தோடு போட்டியிட்டாலும் அது ரேஸ்தான். உடந்தையாக இருப்பதும் குற்றம். முதல் குற்றத்துக்கு 24 மணி நேரம் முதல் 90 நாள் வரை சிறை, 355 முதல் 1,000 டாலர் வரை அபராதம். காரை 30 நாள் பறிமுதல் செய்து வைக்கலாம். அங்குள்ள இளைஞர்களுக்குச் சிறையைவிட இந்தக் கடைசித் தண்டனைதான் வலிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு மூன்று வருடச் சம்பளத்தை எஞ்சினில் கொட்டியவனுக்குக் கார் இல்லாத ஒரு மாதம் நீளமானது.

டிராக் ரேஸ் என்பதே ஒழுங்கான ஓடுபாதையில் நடக்கும் அங்கீகாரம் பெற்ற விளையாட்டு. அதையே தெருவில் செய்யும்போது எது மாறுகிறது? நன்றாகத் தயார் செய்த ஒரு தெருக் கார் கால் மைலைச் சுமார் 12 நொடியில் கடந்து, முடிவுக் கோட்டில் மணிக்கு 180 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். அது நொடிக்கு 50 மீட்டர். முழு பிரேக்கை அழுத்தினாலும் நிற்க 180 மீட்டர் போல வேண்டும். கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே இன்னொரு 50 மீட்டர் ஓடியிருக்கும். ஓடுபாதையில் முடிவுக் கோட்டுக்குப் பிறகு கார் வேகம் தணிந்து நிற்பதற்கென்றே நீண்ட பாதை விட்டிருப்பார்கள். இரு பக்கமும் தடுப்புச் சுவர். பார்வையாளர்கள் வேலிக்கு அப்பால். தெருவில் முடிவுக் கோட்டுக்கு அப்பால் இருப்பது அடுத்த சிக்னல்.

பார்வையாளர்கள் நிற்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். சாலையின் இரு ஓரமும் கூட்டம் நெருக்கும். நல்ல படம் எடுக்க வேண்டும் என்று செல்பேசியை நீட்டிக்கொண்டு தார்ச் சாலைக்குள்ளேயே இறங்கி நிற்பார்கள். 2015 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிளம்மர் தெருவில் நடந்த ஒரு ரேஸில் கார் கட்டுப்பாடு இழந்து பார்வையாளர்கள் மீது பாய்ந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். இருவரும் ஸ்டியரிங்கைத் தொடாதவர்கள்.

இத்தகைய சாவுகளை எண்ணுவது எளிதல்ல. 2004-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு 1998 முதல் 2001 வரையான நான்கு ஆண்டுகளின் உயிர்ப்பலி விபத்துகளை எடுத்துக்கொண்டது. சுமார் ஒன்றரை லட்சம் விபத்துகளில் ரேஸ் என்று குறிக்கப்பட்டவை 315, அவற்றில் இறந்தவர்கள் 399 பேர். மொத்தத்தில் இது மிகச் சிறிய பங்கு என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் இந்தக் கணக்கில் வருவது, விபத்து நடந்த இடத்துக்கு வந்த காவலர் 'ரேஸ்' என்று எழுதிவைத்தவை மட்டுமே. மோதிய கார் அங்கே கிடக்கும். கூட ஓடிய கார் நிற்காமல் போயிருக்கும். எஞ்சுவது 'அதிவேகம்' என்ற ஒற்றைச் சொல். போட்டி இருந்ததற்குச் சாட்சி சொல்ல அந்தக் கூட்டத்திலிருந்து எவரும் முன்வருவதில்லை. தெரு ரேஸ் வழக்குகளின் முதல் சிக்கல் இந்த ஆதாரப் பஞ்சம்.

போட்டி நடக்கிறது என்றே தெரியாத ஒருவருக்கு என்ன நேரும் என்பதைக் காட்ட பெர்லினில் நடந்த ஒரு வழக்குக்குப் போக வேண்டியிருக்கிறது. 2016 பிப்ரவரி 1 நள்ளிரவு கடந்த நேரம். நகரின் நடுவே குர்ஃபூர்ஸ்டென்டாம் கடைத்தெரு. சிக்னலில் சந்தித்த ஓர் ஆடியும் ஒரு மெர்சிடிஸும் சிவப்பு விளக்குகளை மதிக்காமல் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பாய்ந்தன. குறுக்குத் தெருவிலிருந்து 69 வயதான ஒருவர் தன் ஜீப்பில் பச்சை விளக்கு பார்த்து வந்தார். ஆடி மணிக்கு 160 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் அந்த ஜீப்பின் மேல் மோதியது. ஜீப் சுமார் 70 மீட்டர் தள்ளிப் போய் விழுந்தது. அவர் அந்த இடத்திலேயே இறந்தார்.

அவர் பக்கம் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நகரச் சாலையில் வேக வரம்பு 50. நூறு மீட்டர் தொலைவில் ஒரு முகப்பு விளக்கு தெரிந்தால், அது வந்து சேர ஏழு நொடிக்கு மேல் ஆகும் என்பது பல்லாண்டுக் காலம் ஓட்டிய எவருக்கும் உடம்பிலேயே ஊறிய கணிப்பு. 160-இல் வரும் காருக்கு அதே நூறு மீட்டர் இரண்டேகால் நொடி. இரவில், இரண்டு விளக்குப் புள்ளிகளை நேருக்கு நேர் பார்த்து வேகத்தைக் கணிக்க மனிதக் கண்ணால் ஆகாது. அதோடு அவருக்குப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் செய்திருக்கக்கூடியது எதுவுமில்லை. வேகம் மும்மடங்கானால் மோதலின் ஆற்றல் ஒன்பது மடங்காகிறது என்பது பள்ளிக்கூட இயற்பியல். ஆனால் பிழைத்துக்கொள்ள வேண்டியவரின் நேரத்தை வேகம் எப்படித் தின்கிறது என்பதே ரேஸின் உண்மையான ஆபத்து என்று நான் கருதுகிறேன்.

இந்த வழக்கில் 2017 பிப்ரவரியில் பெர்லின் மாவட்ட நீதிமன்றம் ஓட்டுநர்கள் இருவரையும் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் ரேஸ் சாவுக்கு இப்படி ஒரு தீர்ப்பு வந்தது அதுவே முதல் முறை. மேல்முறையீட்டில் அது ரத்தாகி, மறுவிசாரணையில் மீண்டும் கொலை என்றாகி, கடைசியில் 2020-இல் மோதிய காரின் ஓட்டுநருக்கு ஆயுள் தண்டனை உறுதியானது. மற்றவருக்கு 2021-இல் கொலை முயற்சிக்காக 13 ஆண்டுகள். இதற்கிடையே நாடாளுமன்றம் விழித்துக்கொண்டது. அதுவரை வெறும் விதிமீறலாக இருந்த தெரு ரேஸ் 2017 அக்டோபர் முதல் தண்டனைச் சட்டத்துக்குள் வந்தது. கலந்துகொண்டாலே இரண்டு ஆண்டு வரை, உயிர் போனால் பத்து ஆண்டு வரை சிறை. போட்டியாளரே இல்லாமல், தன் காரின் உச்ச வேகத்தை எட்டுவதற்காகவே கண்மூடித்தனமாக ஓட்டுவதும் அதே குற்றம். அந்தத் தனியாள் ரேஸ் பிரிவு அரசமைப்புக்கு ஏற்றதுதான் என்று 2022-இல் ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

சட்டம் இவ்வளவு கூர்மையானபோது கேள்வி மறுபடி ஆதாரத்துக்கே வருகிறது. ரேஸ் நடந்தது என்று நீதிமன்றத்தில் யார் நிறுவுவது? கறுப்பு-வெள்ளை வண்டியால் அது முடியாது. அது தெருமுனையில் திரும்பும்போதே காவலுக்கு நிற்கும் பையன் குரல் கொடுத்துவிடுவான். கூட்டம் கலையும். கலைவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஐம்பது அறுபது கார்கள் ஒரே நேரத்தில், விளக்கை அணைத்துக்கொண்டு, நான்கு திசையிலும் சிதறி ஓடும் அந்த இரண்டு நிமிடம் ரேஸைவிட மோசமானது. பிறகு அதே கூட்டம் வேறோர் இடத்தில் கூடுகிறது. ஆபத்து இடம் மாறியதே தவிரக் குறையவில்லை.

மஃப்டி கார் இங்கே பயன்படுகிறது. சாதாரண உடையில் இரண்டு பேர், சந்தேகம் வராத ஒரு பழைய காரில் கூட்டத்தோடு கூட்டமாக வந்து நிற்கிறார்கள். எந்தக் கார் எந்தக் காரோடு ஓடியது, நம்பர் பிளேட் என்ன, ஸ்டியரிங்கில் இருந்த முகம் எது, கொடி காட்டியது யார், எத்தனை மணிக்கு என்று எல்லாம் படத்திலும் குறிப்பிலும் பதிகிறது. சீருடைப் படை தூரத்தில் வெளிவழிகளை அடைத்துக்கொண்டு காத்திருக்கும். சில நேரம் அன்றிரவு யாரையும் தொடவே மாட்டார்கள். நாட்கள் கழித்து வீட்டு வாசலில் நிற்கும் காரைத் தூக்கிக்கொண்டு போவார்கள். சான் டியேகோ நகரம் 2000-களின் தொடக்கத்தில் டிராக்நெட் என்ற தனிப்படையை வைத்து இந்த வழியில் போனது. அதே காலத்தில் அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோய்ப்பரவியல் பேராசிரியர் ஒருவரின் முயற்சியால் நகரின் கால்பந்து மைதான வாகன நிறுத்துமிடத்தில் சட்டப்படி ரேஸ் ஓட்டவும் இடம் கிடைத்தது. ஒரு கை பிடித்தது, மறு கை வழிவிட்டது. இரண்டும் சேர்ந்து நடந்ததை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

மஃப்டி காரை அடையாளம் கண்டுகொள்வது ரேஸ் வட்டாரத்தில் ஒரு கைத்தேர்ச்சி. ஓட்டுநர் பக்கத் தூணில் பொருத்திய தேடுவிளக்கு, அலங்காரமற்ற எஃகுச் சக்கரம், முன்பக்கத் தள்ளுகம்பி, கூடுதல் ஆன்டெனா, பின் கண்ணாடிக்குக் கீழே அணைந்து கிடக்கும் விளக்குப் பட்டை என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். கலிஃபோர்னியாவில் நகர, மாவட்ட அரசு வண்டிகளின் நம்பர் பிளேட்டில் எண்கோணத்துக்குள் ஒரு 'ஈ' எழுத்து இருக்கும். அதைத்தான் முதலில் தேடுவார்கள். ஆகவே உண்மையான ரகசிய வேலைக்குப் போகும் காரில் இவற்றில் ஒன்றும் இருக்கக் கூடாது. அப்படி ஒன்றும் இல்லாத கார், துரத்தும் வேலைக்கு எந்த வகையிலும் உதவாத கார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு எல்லையும் உண்டு. சிக்னலில் பக்கத்தில் வந்து நின்று எஞ்சினை முறுக்கினால் அது ரேஸுக்கு அழைப்பு. மஃப்டி காவலர் அப்படி முறுக்கி ஒருவனை ஓடவைத்துப் பிடித்தால்? 1979-இல் பராஸா என்பவரின் வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோல் வைத்தது. சாதாரணமாகச் சட்டத்தை மதிக்கிற ஒருவரையும் குற்றம் செய்யத் தூண்டக்கூடியதாகக் காவலரின் நடத்தை இருந்ததா என்று பார்க்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் பழைய வரலாறு அங்கே கேள்வியில்லை. வயசுக் கோளாறும் வேகமான காரும் கையில் உள்ள பத்தொன்பது வயதுப் பையனைச் சீண்டி ஓடவைப்பது எளிது. அப்படிப் பிடிப்பதில் பெருமையும் இல்லை, சாலைக்குப் பாதுகாப்பும் இல்லை. போலீஸே ஒரு ரேஸை உண்டாக்கியதாகத்தான் அது முடியும்.

துரத்தலுக்கு வருவோம். அமெரிக்க நீதித் துறையின் புள்ளிவிவரப் பிரிவு 1996 முதல் 2015 வரையான கணக்கை எடுத்தபோது, போலீஸ் துரத்தல் தொடர்பான விபத்துகளில் ஆண்டுக்குச் சராசரியாக 355 பேர் இறந்திருந்தார்கள். ஏறக்குறைய நாளுக்கு ஓர் உயிர். அதில் கணிசமானோர் துரத்தியவரும் அல்ல, ஓடியவரும் அல்ல. 2001-இல் ஜார்ஜியா மாநிலத்தில் 55 மைல் வரம்புள்ள சாலையில் 73 மைல் வேகத்தில் போனதற்காக 19 வயது இளைஞர் ஒருவரை நிறுத்தச் சொன்னார்கள். அவர் நிற்கவில்லை. துரத்தல் பத்து மைல் நீண்டது. கடைசியில் காவலர் பின்னாலிருந்து இடித்ததில் கார் சரிவில் உருண்டு, அந்த இளைஞர் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். காவலர் செய்தது அரசமைப்புக்கு முரணல்ல என்று 2007-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது. சட்டம் அவ்வளவில் முடிந்துவிட்டது. தொடங்கிய குற்றத்தையும் முடிந்த விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் கடமை காவல்துறைகளின் தலையில் இன்னும் இருக்கிறது.

ரேஸ் ஓட்டியவனைத் துரத்துவது என்பது, அவனுக்கு இன்னொரு போட்டியாளரைக் கொடுப்பது. முதல் ரேஸுக்கு 402 மீட்டரில் ஒரு முடிவு இருந்தது. இதற்கு அதுவும் இல்லை. தப்பியோடுவது பல நிபந்தனைகள் பொருந்தினால் 'ரேஸ்' என்ற வரையறைக்குள்ளேயே வரலாம் என்று ஜெர்மன் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அதில் ஓர் ஆழமான உண்மை இருப்பதாக எனக்குப் படுகிறது. ஓடுகிறவனின் பக்கம் மட்டும் பார்த்துச் சொன்னதாக இருந்தாலும், சாலையில் நிற்கும் மூன்றாவது ஆளுக்கு இரண்டு கார்களும் ஒரே ஆபத்துதான்.

துரத்துவது மஃப்டி காராக இருந்தால் அந்த ஆபத்து கூடுகிறது. கறுப்பு-வெள்ளை வண்டி கூரை விளக்கு சுழல வரும்போது மற்றவர்கள் தூரத்திலேயே ஒதுங்குகிறார்கள். மஃப்டி கார் வரும்போது அவர்களுக்குத் தெரிவது, வெறி பிடித்தது போல் ஓடும் இரண்டு கார்கள் மட்டுமே. ஓடுகிறவனுக்கும் குழப்பம். பின்னால் வருவது போலீஸா, தோற்றுப்போன எதிராளியா, காரைப் பறிக்க வந்தவனா? போலி போலீஸ் வேடத்தில் வண்டியை மறித்துக் கொள்ளையடிப்பதும் பெண்களைத் தாக்குவதும் அமெரிக்காவில் நடந்திருக்கிற குற்றங்கள். ஆள் அரவமற்ற சாலையில் அடையாளமில்லாத கார் விளக்கடித்து நிறுத்தச் சொன்னால், வேகத்தைக் குறைத்து, அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு, வெளிச்சமுள்ள இடத்தில் போய் நில்லுங்கள், 911-ஐ அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள் என்று அங்கே சொல்லிவைக்கிறார்கள். அந்த அறிவுரையைப் பின்பற்றும் பெண்ணும் தப்பி ஓடும் ரேஸ்காரனும் முதல் ஒரு நிமிடத்துக்குப் பின்னால் வரும் காவலரின் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியக்கூடும்.

கலிஃபோர்னியா சட்டம் இதையும் முன்கூட்டியே யோசித்திருக்கிறது. போலீசிடமிருந்து காரில் தப்பி ஓடினார் என்று ஒருவரைத் தண்டிக்க 2800.1-ஆம் பிரிவு நான்கு விஷயங்களைக் கேட்கிறது. துரத்திய வண்டியில் முன்புறம் தெரியும்படி சிவப்பு விளக்கு எரிந்திருக்க வேண்டும். தேவைக்கேற்பச் சைரன் ஒலித்திருக்க வேண்டும். வண்டிக்குத் தனித்த அடையாளம் இருந்திருக்க வேண்டும். காவலர் தனித்த சீருடையில் இருந்திருக்க வேண்டும். சிவப்பு விளக்கும் சைரனுமே போதுமான அடையாளம்தானே என்ற கேள்வி 2006-இல் ஹட்சன் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. போதாது என்று நீதிமன்றம் சொன்னது. அவற்றுக்கு மேலாக, மற்ற ஓட்டுநர்கள் பார்த்ததும் இது போலீஸ் வண்டி என்று பிரித்தறியக்கூடிய வேறு ஏதேனும் ஓர் அம்சம் வெளியே தெரிய வேண்டும். எந்த அடையாளமும் இல்லாத காரில் துரத்தினால், தப்பியோடிய குற்றத்துக்கான வழக்கே விழுந்துவிடலாம்.

ஜெர்மனியின் வழி வேறு. அங்கே நெடுஞ்சாலைகளில் அடையாளமில்லாத கார்கள் தாராளமாக ஓடுகின்றன. புரோவிடா என்ற கருவி பொருத்திய காரில் இரண்டு காவலர்கள் சந்தேகத்துக்குரிய காரைப் பின்தொடர்வார்கள். ஓடிய தூரமும் எடுத்த நேரமும் வீடியோவிலேயே பதிந்து சராசரி வேகம் கிடைக்கும். கருவியை முறைப்படி சோதித்து முத்திரையிட்டிருக்க வேண்டும். கிடைத்த வேகத்தில் ஒரு பங்கைச் சந்தேகத்தின் பலனாகக் கழித்துவிடுவார்கள். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் என்றால் அது ஐந்து சதவீதம். பிறகு முன்னால் ஏறி, பின் கண்ணாடியில் ஒளிரும் எழுத்தில் பின்தொடரச் சொல்லி ஓரங்கட்டுவார்கள். முறை கச்சிதமானது. ஆனால் அளக்கிற காரும் அளக்கப்படுகிற காரின் வேகத்தில் ஓடியாக வேண்டும் என்ற குறை அதன் உள்ளேயே இருக்கிறது. குறுக்குச் சாலையோ நடைபாதையோ இல்லாத ஆட்டோபானில் அது தாங்கும். குர்ஃபூர்ஸ்டென்டாம் போன்ற ஒரு கடைத்தெருவில் தாங்காது.

2025-இல் கலிஃபோர்னியா நெடுஞ்சாலை ரோந்துப் படை 100 டாட்ஜ் துரங்கோ வண்டிகளைப் புது வண்ணத்தில் சாலையில் இறக்குவதாக அறிவித்தது. கறுப்பு-வெள்ளை இல்லை. போக்குவரத்தோடு கலந்து ஓடும் நிறம், அதே நேரத்தில் சட்டம் கேட்கும் அடையாளமும் உண்டு. வீடியோ கேம் பாணியில் காரோட்டுகிறவர்களைப் பிடிக்கத்தான் இது என்று படை சொன்னது. நூறாண்டுப் பழைய சட்டத்தின் எழுத்தை மீறாமல் அதன் விளிம்பு வரை போயிருக்கிறார்கள். நூறு மைலுக்கு மேல் பறக்கிறவனைக் கண்டறிய அவை உதவும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கண்டறிந்த பிறகு என்ன செய்வார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம்பரைக் குறித்துக்கொண்டு ஹெலிகாப்டருக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கினால் அது பார்க்கும் கார். சந்துபொந்தெல்லாம் விடாமல் பின்தொடர்ந்தால் அது இன்னொரு ரேஸ் கார். எந்தத் தருணத்தில் விட்டுவிட வேண்டும் என்பதை அந்த இருக்கையில் அமர்பவருக்கு எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும், விட்டுவிட்டு வந்தவரைக் கோழை என்று நிலையத்தில் யாரும் சொல்லாத நிலையும் வேண்டும்.

லாஸ் ஏஞ்சலஸுக்கு இது தொடர்பாகத் தன் வரலாற்றிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1965 ஆகஸ்டில் வாட்ஸ் பகுதிக் கலவரத்தில் 34 பேர் இறந்தார்கள். கறுப்பின மக்களுக்கும் போலீசுக்கும் இடையே பேச்சே அறுந்துபோயிருந்த காலம். 'பிக் வில்லி' என்று எல்லோரும் அழைத்த வில்லி ராபின்சன், ஆறரை அடி உயர மனிதர், தெரு ரேஸ்காரர்களின் சகோதரத்துவ அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். போலீசோடு பேசினார், மேயரோடு பேசினார். 1974-இல் துறைமுகத்தை ஒட்டிய டெர்மினல் தீவில் ஒரு டிராக் ஓடுபாதை திறக்கப்பட்டது. கறுப்பர், வெள்ளையர், லத்தீனோ, ஆசியர், கும்பல்களைச் சேர்ந்தவர்கள், காவலர்கள் என்று எல்லோரும் ஒரே கோட்டில் நின்று ஓடினார்கள். தெருவில் மஃப்டியில் ஒளிந்து பார்க்க வேண்டிய காவலர் அங்கே பெயரைச் சொல்லிக்கொண்டு பக்கத்துக் காரில் உட்கார்ந்திருந்தார். துறைமுக நிலத்துக்கு வேறு தேவைகள் வந்துகொண்டே இருந்ததால் அந்த ஓடுபாதை பல முறை மூடித் திறந்து, 1995-இல் நிரந்தரமாக மூடப்பட்டது. ராபின்சன் அதை மீட்கக் கடைசிவரை அலைந்து 2012-இல் இறந்தார்.

அதன் பிறகு அந்த வட்டாரத்து இளைஞர்களுக்கு இருந்த முக்கியமான போக்கிடம் இர்விண்டேல். எட்டில் ஒரு மைல், சுமார் 200 மீட்டர் ஓடுபாதை. வியாழக்கிழமை இரவுகளில் தன் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு வந்து, கட்டணம் கட்டி, பரிசோதனைக்குக் காட்டி, ஹெல்மெட் மாட்டி ஓடலாம். ஆம்புலன்ஸ் பக்கத்தில் நிற்கும். ஓட்டம் முடிந்ததும் நேரம் அச்சடித்த ஒரு சீட்டு கையில் வரும். 2024 டிசம்பரில் இர்விண்டேலும் மூடப்பட்டது. அந்த நிலத்தில் தொழிற்கூடங்கள் கட்டத் திட்டமிட்டார்கள். அடுத்த சில மாதங்களில் நூறு துரங்கோக்களின் அறிவிப்பு வந்தது. ஒன்று தனியார் நில விற்பனை, மற்றது அரசுக் கொள்முதல், இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் வியாழக்கிழமைகளில் அந்த வாசலில் வரிசையில் நின்ற கார்கள் எங்கும் போய்விடவில்லை. நூறு வண்டிகளுக்குப் பணம் ஒதுக்கிய அரசு, துறைமுகத்திலோ பழைய விமானத்தளத்திலோ ஓர் ஓடுபாதைக்கு நிலம் தேடும் வேலையையும் அதே அவசரத்தோடு தொடங்க வேண்டும். 200 மீட்டர் ஓட, நின்று தணிய அதைவிடச் சற்று நீளம், இரு பக்கமும் சுவர், ஓர் ஆம்புலன்ஸ்.